தரை உப்பிய வீடு

மாரியாத்தாளுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் பளபளக்கும். வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கரி போகத் தேய்த்துத் தள்ளிவிடுவாள். போத்தனூரில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு வேலை செய்கிறவள். ஆள் இல்லாத நேரத்திலும் வீட்டை அவளை நம்பித் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. புருஷன் இல்லை. மகள் அன்புச்செல்வி நர்சிங் படிக்கிறாள் என்றால் அது இந்த மூன்று வீட்டு வேலையில்தான். அவளிடம் சொத்து என்று இருப்பது நல்ல பேர் ஒன்றுதான். அதைத்தான் போன மாதம் செல்லாத்தாள் வீட்டில் காலில் போட்டு மிதித்தார்கள்.

செல்லாத்தாளின் மகன் சபரீஷுக்கு பெங்களூரில் வேலை. டைல்ஸில் நடந்தால் அம்மாவுக்குக் கால் விறைக்கிறது என்று, ஹாலுக்கும் அதை ஒட்டிய பூஜையறைக்கும் மரத்தரை போட்டுக் கொடுத்தான். உக்கடத்திலிருந்து வந்து போட்டவர் நிஜாம். துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும், தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனார். மாரியாத்தாள் அப்படித்தான் ஹாலைத் துடைத்தாள்.

பூஜையறைக்குள் அவள் போனதில்லை. விட்டதில்லை. தரை போட நிஜாம் போகலாம், ஃபேன் மாட்ட வந்தவன் போகலாம், மாரியாத்தாள் மட்டும் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர் போனவர்கள். 'அங்கயே நின்னுக்கோ கண்ணு' என்று கொஞ்சிக்கொண்டேதான் நிறுத்துவார்கள்.

போன மாதம் ஹால் பலகைகள் நடுவில் உப்பிக்கொண்டு வந்தன. ஒரு மூலை கறுத்து நாறியது. ஊருக்கு வந்த சபரீஷ், வேலைக்காரி வாளித் தண்ணீரைக் கொட்டித் துடைத்திருக்கிறாள் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தோடு போட்டான்: 'மாரியாத்தாளின் கவனக்குறைவால் எங்கள் வீட்டுத் தரை நாசம். மற்ற வீட்டினர் எச்சரிக்கையாக இருக்கவும்.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலை செய்யும் இன்னொரு வீட்டு ரங்கம்மாள் மறுநாளே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நிஜாம் பலகையைப் பெயர்க்க வந்த அன்று தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். ரங்கம்மாளும் மாரியாத்தாளும் வந்திருந்தார்கள். நிஜாம் ஹாலில் ஆரம்பித்து, ஈரம் வந்த வழியே பின்னால் போனார். பலகையை எடுக்க எடுக்க ஈரம் கூடியது. பூஜையறைக்குள் எடுத்த பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை, அதோடு திட்டுத் திட்டாக மஞ்சள் கறை. தண்ணீர் இங்கேயிருந்துதான் இறங்கியிருக்கிறது, விடாமல் ஊற்றியிருந்தால்தான் இப்படி ஆகும் என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியது செல்லாத்தாளேதான். மரமோ சிமெண்டோ, கழுவாமல் விளக்கேற்ற அவளுக்கு மனசு வராது. பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யார் ஊற்றியது என்று மகன் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "இவதான் கண்ணு ஊத்திக் களுவுவா" என்றாளே, அதை எதில் சேர்ப்பது?

மாரியாத்தாள் பூஜையறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்கம்மா, இந்த வாசப்படிக்கு உள்ள என்னைய எந்த வெள்ளிக்கெழம உட்டீங்க?"

விட்டேன் என்றால் இத்தனை வருட ஆசாரம் போச்சு. இல்லை என்றால் சொன்னது பொய் என்றாகிவிடும்.

"உட்டதில்ல" என்றாள் செல்லாத்தாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் தலை நிமிர்ந்தது. பொய்க்காரி என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, இவளை உள்ளே விட்டவள் என்று பேர் வாங்கக்கூடாது. எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

சபரீஷ் அந்த மெசேஜை அழித்துவிடுவதாகச் சொன்னான். அழித்தால் போதாது, நடந்ததை எழுத வேண்டும் என்றாள் மாரியாத்தாள். அம்மா பேரை எப்படிப் போடுவது என்று அவன் முனகினான்.

"எம் பேர மட்டும் எப்படிங்க தம்பி போட்டீங்க?"

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். என் பக்கத்தில் நின்ற ரங்கம்மாள், நடந்தது நடந்துபோச்சு, நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்று மெதுவாகச் சொன்னாள். வருகிறேன், ஆனால் இன்றைக்கு இங்கே கேட்டதை முதலில் நீங்கள் குரூப்பில் எழுதுங்கள் என்றாள் மாரியாத்தாள். ரங்கம்மாள் எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றபடியே எழுதினாள். தரை கெட்டதற்கு மாரியாத்தாள் காரணமில்லை என்று ஒரு வரி.

அனுப்புவதற்கு முன்னால் மாரியாத்தாள் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"செல்லாத்தா பேரக் காணமுங்களே?" என்று திருப்பி நீட்டினாள்.