பந்தல் முடிச்சைக் கடலில் போட்டேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்ரீராம்புரத்தில் ஒரு பந்தல்காரரிடம் மூங்கில் சுமந்தேன், பிறகு நானே பந்தல்காரன் ஆனேன். பெங்களூரில் நான் போட்ட ஷாமியானா ஒன்றுகூடக் காற்றில் பறந்ததில்லை. ஆனேக்கலில் ஒரு கல்யாணத்தன்று ஆலங்கட்டி மழையோடு காற்று வந்து, பக்கத்துக் கட்டடத்தின் தகரக் கூரையே எழுந்து போனது. என் பந்தல் நின்றது. பெண் வீட்டார் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் என் முடிச்சால் வந்த மரியாதை. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. அவிழ்க்க வேண்டுமென்றால் ஆணியை விட்டு நெம்ப வேண்டும்.

என் மகள் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிறாள். லீவு கிடைத்தால் கோவாவுக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டவள். தீபாவளி முடிந்த கையோடு, அங்கே ஒருவர் தன் படகைக் கொச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருந்தார். அவளும் அவள் வீட்டுக்காரரும் கிளம்பத் தயாரானார்கள். மருமகன் கன்னடக்காரர், என்னை ‘மாவா’ என்றுதான் கூப்பிடுவார். நானும் வருகிறேன் என்றேன்.

“அப்பா, நாலு நாள் ஆகும். கரையே கண்ணுக்குத் தெரியாது.”

“துணியும் கயிறும் காத்தும்தானே? நான் பாக்காததா?”

இரண்டாம் நாள் மதியம். காலையில் பார்த்த முன்னறிவிப்பு, சாயங்காலம் வரை லேசான காற்று என்றது. மருமகன் இரவெல்லாம் ஓட்டிவிட்டுக் கீழே தூங்கினார். படகு தானாகவே திசை பிடித்துப் போகும்படி ஒரு மெஷினில் விட்டுவிட்டு மகள் எழுந்தாள்.

“ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடறேன். சும்மா பாத்துட்டிருங்கப்பா. எதையும் தொடாதீங்க.”

நான் பார்த்தேன். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒரு சின்னக் கவ்வியில் மாட்டியிருந்தது. கையால் சுண்டினால் கழன்றுவிடும் போலிருந்தது. இத்தனை பெரிய துணிக்கு இவ்வளவுதான் பிடியா என்று எனக்குப் பகீரென்றது. கயிற்றின் மிச்சத்தைப் பின்பக்கக் கம்பியில் சுற்றி, என் முடிச்சைப் போட்டேன். மகள் வந்து பார்த்து மெச்சுவாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வரும். தூசி கிளம்பும், மண் வாசனை வரும், ஒதுங்க ஒரு கடை வாசல் கிடைக்கும். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. மேற்கே தண்ணீருக்கு மேல் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. மகளைக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. நான் உட்கார்ந்திருந்த பலகை சுவர் மாதிரி ஆகிவிட்டது.

மகள் மேலே பாய்ந்து வந்தாள், கடலில் விழாமலிருக்கக் கட்டும் இடுப்பு வாரைக் கம்பியில் மாட்டினாள், கவ்வியிலிருந்து கயிற்றைச் சுண்டினாள். கயிறு ஒரு சாண் ஓடி, டப்பென்று நின்றது. அவள் திரும்பி என் முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

“அவுத்து விடுங்கப்பா. பாய விட்டாத்தான் படகு நிமிரும்.”

என் விரல்கள் கல்லைக் கிள்ளின. பாயின் ஓரம் தண்ணீரைத் தொட்டது. மருமகன் தவழ்ந்து வந்து சுக்கானைப் பிடித்தார்.

“மாவா, யார் கட்டினது இது?”

மகள் கத்தியை எடுத்துக்கொண்டு தாழ்ந்திருந்த பக்கமாக இறங்கினாள். ஒரு அலை அவள் மேல் ஏறியது. அவள் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். இடுப்பு வார் மட்டும் விறைத்து நின்றது, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்குக் குரல் வரவில்லை. நாற்பது வருடம் ஆட்களை அதட்டிய குரல் அது.

பிறகு ஒரு கை தெரிந்தது. கத்தி அந்தக் கையிலேயே இருந்தது. இரண்டு இழுப்பு. கயிறு அறுந்து பறந்தது, பாய் வெளியே விரிந்து படபடத்தது, படகு மெல்ல நிமிர்ந்தது. கால் மணி நேரத்தில் வெயில் அடித்தது. கடல் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது.

மகளின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே, “முடிச்சு நல்லாத்தாம்பா இருக்கு. அவுழவே இல்ல” என்றாள். மருமகன் சிரித்துவிட்டார். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“நான் கீழயே இருக்கேன்மா. கொச்சி வந்ததும் எழுப்பு.”

“அதெல்லாம் வேணாம். இவரு இன்னும் சரியாத் தூங்கவே இல்ல. எனக்கு ஒரு ஆள் வேணும்.”

சாயங்காலம் இன்னொரு மேகம் எழுந்தது. அவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பெரிய பாயில் மாட்டிய புதுக் கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தாள்.

“எதுலயும் கட்டாதீங்க. கையிலயே புடிங்க. நான் சொன்னா விட்டுடணும்.”

காற்று வந்தது. கயிறு உள்ளங்கையைத் தீய்த்தது. என் உடம்பு முழுக்க இறுக்கிப் பிடி, பிடி என்றது.

“விடுங்கப்பா.”

விட்டேன்.