பால்கனிக்குப் போன சரஸ்வதி

அக்கா தச்சு வேலைக்கு ஒரு வைஸ் செய்த வருஷம்தான் எங்கள் வீட்டு சரஸ்வதி பால்கனிக்குக் குடிபோனாள். எனக்கு அப்போது பத்து வயது. அக்கா மேல் எனக்கிருந்த பொறாமையில் கொஞ்சம் சரஸ்வதி மேலும் விழுந்தது.

மல்லாபூரில் வாடகை வீடு. அந்த ஊர் உருது எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் போட்டிருந்த கனமான மர மேசையில் எதையாவது அறுத்துக்கொண்டிருப்பார். என்னைவிட நான்கு வயது மூத்த அக்காவும் சேர்ந்துகொள்வாள். ஒரு நாள் பலகை நழுவி, ரம்பம் அவள் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. இனி ரம்பத்தைத் தொடவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அப்போ பலகையைப் புடிச்சுக்க ஒண்ணு பண்ணிடறேன்" என்றாள் அக்கா.

அப்பாவின் போனில் வீடியோ பார்த்து அந்த வைஸை அவளே செய்தாள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார் ஜாக்கியின் திருகு வந்தது. அதற்கான நட்டை மேசை விளிம்பின் பின்பக்கம் பதித்தாள். முன்பக்கம் ஒரு தடித்த பலகை, அதன் வழியாகத் திருகு நட்டுக்குள் போகும். திருகின் தலையில் இருந்த ஓட்டையில் ஒரு சாண் இரும்புக் கம்பியைச் செருகினாள், அதுதான் கைப்பிடி. அதைச் சுற்றினால் பலகை மேசையை நோக்கி நகர்ந்து, நடுவில் வைத்த கட்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முதல் தடவை சுற்றியபோது பலகையும் கூடவே ஃபேன் மாதிரி சுற்றியது. அன்று நான் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். மறு வாரமே பலகையின் இரண்டு பக்கமும் குழாய்த் துண்டுகளைப் பொருத்தி, அவை மேசைக்குள் போய்வர ஓட்டை போட்டு, சுற்றலை நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்பவர்களை அழைத்துவந்து வைஸைத் திருகிக் காட்டினார். அதுவரை வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டப்பட்டது என் ரேங்க் கார்டுதான்.

ஆயுத பூஜை வந்தது. எப்போதும் சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால் என் புத்தகங்கள் இருக்கும், கீழே அக்காவுடையவை, ஓரத்தில் அப்பாவின் ஸ்பேனர்கள்.

"வைஸ் மேசையோட இருக்கு, நகத்த முடியாது. சாமியை நகத்தலாம்" என்று அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். வைஸுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். என் புத்தகங்களுக்கு மேசைக்கு அடியில் ஒரு மணை.

"நக்கோப்பா, கீழ வேணாம், என் புக்ஸ மேல வைங்க" என்றேன்.

"எங்க வெச்சாலும் சாமிக்குத் தெரியும்டா" என்றார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் நான் ஒரு பக்கம் படிக்க வேண்டும், அக்கா வைஸைத் திருக வேண்டும். அந்த ஒரு திருகலை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. பூஜையன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தார்கள். நான் சாமிக்கு மூன்று தோப்புக்கரணத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு, கைப்பிடிக் கம்பியை உருவி அரிசி டிரம்மில் புதைத்தேன்.

மறுநாள் கற்பூரம் காட்டியதும் அப்பா, "முதல் திருகு நீதாம்மா" என்றார். கம்பியைக் காணோம். பூவுக்கடியில் தேடினார், தட்டுக்கடியில் தேடினார். அவர் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, ஸ்பேனர்களோடு பொட்டு வைத்துப் படுத்திருந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த ஓட்டையில் செருகித் திருகினாள். பலகை நகர்ந்துவந்து கட்டையைக் கவ்வியது.

"ஹவ்! மூளைன்னா இதான்!" என்று அப்பா கைதட்டினார். அதன்பின் நான் படித்த பக்கம் யார் காதிலும் விழவில்லை.

சமையலுக்கு அரிசி அளக்கப் போன அம்மாவின் கையில் கம்பி தட்டுப்பட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அக்காவிடம் கொடுத்தாள். அடி நிச்சயம் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அக்கா அடிக்கவில்லை. துப்பட்டாவால் கம்பியைத் துடைத்தபடி கேட்டாள்:

"இத்தனை வருஷம் உன் புக்குதானேடா மேல இருந்துச்சு? நான் என்னிக்காவது எடுத்து ஒளிச்சேனா?"

இப்போது எதையாவது ஒளித்திருப்பாளோ என்று பயம் வந்தது. பால்கனிக்கு ஓடி, மேசைக்கு அடியில் குனிந்து, என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அப்பாடா என்றிருந்தது.