ஆவணி பிறக்கட்டும்

என் அப்பா மேசன். மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் தான் கட்டிய வீடுகளை எண்ணத் தொடங்கினால் இடையில் அவருக்கே தவறிவிடும். ஓலைத்தொடுவாய்ப் பக்கம் கட்டியவை பெரும்பாலும் கத்தோலிக்க வீடுகள். பாதர் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபிப்பார். சிலாவத்துறையில் ஊர் திரும்பிய முஸ்லிம்களுக்குக் கட்டிய வீடுகளில் ஓதிவிட்டு எல்லாருக்கும் சாப்பாடு கொடுப்பார்கள். எங்கள் ஆட்களின் வீடு என்றால் ஐயர், கும்பம், பசுவும் கன்றும், பொங்கி வழியும் பால். எந்த வீடானாலும் அன்றைக்கு அப்பாவுக்கு ஒரே வேலைதான், வெளியே வருவது.

எங்கள் குடிபூரலில், புது வீட்டுக்குக் குடிபுகும் நாளில், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன்னர், கட்டிய மேசனையும் கதவு நிலை செய்த தச்சனையும் அழைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வேட்டி சால்வை வைத்துக் கொடுப்பார்கள். இருவரும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு முன்வாசலால் இறங்க வேண்டும். அதுவரை வீடு அவர்களுடைய கையில். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரருடையது. அப்பா அப்படி வாங்கிய வேட்டிகளை உடுத்தியதே இல்லை. மடிப்புக் கலையாமல் ஒரு றங்குப்பெட்டி நிறைய வைத்திருந்தார். "இவ்வளவு வீட்டாலயும் இறங்கியிருக்கிறன். ஒண்டிலயாவது ஏறவேணும்" என்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஏறக் கிடைத்திருக்க வேண்டிய முதல் வீட்டின் சுவர்கள் யன்னலுக்கு மேல் எழும்பியிருந்தபோது சண்டைக்குப் பயந்து நாங்கள் வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே படித்து, சண்டை எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது அந்தச் சுவர்களுக்கு நடுவே உடைமரம் முளைத்து எங்கள் தலைக்கு மேல் நின்றது. அப்பா அந்தச் சுவர்க் கல்லை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டார். பழைய வளவிலேயே தகரக் கொட்டில் போட்டு இருந்துகொண்டு, ஊரார் வீடுகளைக் கட்டிய நேரம் போக மிச்ச நேரத்தில் எங்கள் வீட்டைக் கட்டினார். அது எழும்ப ஆறு வருடம் பிடித்தது. அதற்குள் எனக்குக் கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, நாங்களும் அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டில் போட்டுவிட்டோம்.

முன்வாசல் நிலை வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நிலையைச் செய்தவர் சிலாவத்துறைத் தச்சர். அப்பாவோடு இருபது வீட்டுக்கு மேல் வேலை செய்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி நிமிர்த்தி வைத்தார்கள். அது முடிந்ததும் அப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், சமைக்கிற குசினியின் வாசலால் உள்ளே வந்தார்.

"என்ன மேசன், முன்னால வழி இருக்க?" என்றார் நானா.

"இதால நான் ஒருக்காத்தான் போவன். அண்டைக்குக் கையில மேசன் கரண்டி இராது" என்றார் அப்பா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. அதன் பிறகு சீமெந்து குழைத்ததும் பூசியதும் நிலத்துக்குச் சாந்து இழுத்ததும் எல்லாம் குசினி வாசலால் போய் வந்துதான். தோளில் மணல் வாளியோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அம்மாவுக்குக் கோபம் வரும். "உங்கட வீம்பு உங்களுக்கு" என்பார். ஆனால் முற்றம் கூட்டும்போது அந்தச் சுற்றுப்பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் பொறுக்கி எறிந்துவிடுவார்.

கதவுகளை நிலையில் பூட்டி வேலை முடிந்தது வைகாசிக் கடைசியில். அதே கிழமைதான் அப்பாவின் இருமலில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, புற்றுநோய் நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டேன். நாலு மாதம், ஐந்து மாதம் என்றார். நான் அந்த இடத்திலேயே மனதுக்குள் மாதங்களை அடுக்கிப் பார்த்தேன். ஆனியில் குடிபூரக் கூடாது. ஆடியில் கூடவே கூடாது. ஆவணி முதல் கிழமையில் ஒரு நல்ல நாள் இருந்தது. போதும், காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பில் கோடு போடாமல் எழுதினால் எனக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான், பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு பானை கூட வாங்க விடமாட்டேன். அப்பா என்னைச் சாத்திரக்காரி என்பார். முகாமில் வளர்ந்தவளுக்கு எங்கிருந்து இவ்வளவு சாத்திரம் வந்தது என்று கேலி செய்வார். முகாமில் வளர்ந்ததால்தான் வந்தது. எங்களுக்கு எல்லாமே நேரம் கெட்ட நேரத்தில் நடந்தது. இந்த ஒன்றையாவது பிழை இல்லாமல் தொடங்க வேண்டும், வாய்த்த ஒரு வீட்டுக்குள் சரியான நாளில், சரியான காலை வைத்துப் போக வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

அப்பா முதல் தரம் கேட்டது ஆனி நடுவில். கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். அங்கிருந்து பார்த்தால் புது வீட்டின் முன்வாசல் நேரே தெரியும். சோளகக் காற்று மணலை அள்ளி அள்ளிக் கதவில் எறிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஐயரைக் கேட்டு ஒரு நாளைப் பார்ப்பமோ?"

"ஆனி அப்பா. ஆவணி பிறக்கட்டும்."

"ஓம், ஓம்" என்றார்.

இரண்டாம் தரம் ஆடி பிறந்து சில நாட்களில். அப்போது அவரால் பத்தடி நடந்தால் மூச்சு எடுக்க முடியாது. அம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"ஐயரும் வேண்டாம், சனமும் வேண்டாம். கொம்மா ஒரு முட்டியில பாலைக் காய்ச்சட்டும். நான் உந்த முன்வாசலால ஏறிப்போய்க் குடிச்சுப்போட்டுப் படுக்கிறன்."

"ஆடியிலயோ? ஆடியில குடிபூர்ந்தா வீட்டுக்காரருக்குக் கூடாது, அப்பா."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க நேரம் எடுத்தது. "வீட்டுக்காரனுக்கு இனி என்னடி கூடாது வரப்போகுது?"

"பிள்ளை, அவர் ஆசைப்படுறார். போகட்டும்" என்றார் அம்மா.

நான் அம்மாவிடம் சீறி விழுந்தேன். நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி, இவ்வளவு காலம் பொறுத்தது இன்னும் ஒரு மாதம் பொறுக்க ஏலாதோ, பிள்ளைகள் வாழப்போற வீடல்லோ என்றெல்லாம் கத்தினேன். பிள்ளைகள் என்று சொன்னதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். பேரப்பிள்ளைகளுக்குக் கூடாது என்றால் அவர் அதற்கு மேல் பேசமாட்டார். அது தெரிந்துதான் சொன்னேன். அவர் மூன்றாம் தரம் கேட்கவில்லை. கதிரையை மட்டும் சற்றுத் திருப்பி, வாசல் இன்னும் நேராகத் தெரியும்படி போடச் சொன்னார்.

டொக்டர் சொன்ன கணக்கு பிழைத்தது. ஆவணி பிறக்க ஒன்பது நாள் இருக்க, ஒரு பின்னேரம், அம்மா கொடுத்த கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு அப்பா அந்தக் கதிரையிலேயே சாய்ந்து போனார்.

கொட்டில் சிறியது. சடலத்தைக் கிடத்திய பிறகு நாலு பேர் கூட உள்ளே நிற்க முடியவில்லை. தகரம் கொதித்தது. வெளியே பந்தல் போட்டால் காற்று பிய்த்து எறிந்தது. பத்தடி தூரத்தில் புது வீட்டின் ஹோல், புதிதாய் இழுத்த நிலம், காற்றோட்டம், நிழல். அப்பா தன் கையால் மட்டம் பார்த்த நிலம்.

அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "அவரை அங்க கொண்டுபோய்க் கிடத்துங்கோ. முன்வாசலைத் திற."

வந்திருந்த பெண்கள் திகைத்துப் போனார்கள். குடிபூராத வீட்டுக்குள் முதன்முதல் சடலம் போவதா? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்கதவின் சாவி, அந்தத் திறப்பு, என் இடுப்பில் இருந்தது.

"கூடாதம்மா" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டார். அவர் அழுததை விட அது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நான் திறப்பை எடுக்கவில்லை. றங்குப்பெட்டியைத் திறந்து, யாரோ ஒரு வீட்டுக்காரர் எப்போதோ கொடுத்த வேட்டியை எடுத்து அப்பாவுக்கு உடுத்தினார்கள். பாடையைத் தூக்கியவர்கள் கொட்டிலில் இருந்து இறங்கி, பூட்டிய முன்வாசலைக் கடந்து ஒழுங்கைக்குப் போனார்கள். நானா அவர்களில் ஒருவர். அந்த இடத்தில் அவர் நடை ஒரு கணம் தடைப்பட்டதைப் பார்த்தேன். பின்னால் வந்தவர் இடித்ததும் நடந்தார்.

பிறகு ஒரு வருடம் சாவுத் துடக்கு. முதலாண்டுத் திவசமான ஆட்டத்திவசம் முடியும் வரை நல்ல காரியம் செய்யக்கூடாது என்பதால் வீடு பூட்டியபடியே கிடந்தது. நாங்கள் கொட்டில்களில் இருந்தோம். மாரியில் தகரம் ஒழுகியபோது என் கணவர், "சாமான்களையாவது உள்ளுக்கு வைப்பமே" என்றார். அதற்கும் நான் விடவில்லை. அப்பாவையே விடாத வீட்டுக்குள் அரிசி மூட்டையை விடுவதா? கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அம்மா அந்த ஒரு வருடமும் என்னோடு சமையல், பிள்ளைகள், தண்ணீர் பற்றி மட்டும் பேசினார். மழைக்குக் கதவு ஊதி இறுகிவிட்டது என்று கேள்விப்பட்டு நானா வந்து, கழற்றிச் சீவிப் பூட்டிவிட்டுப் போனார். அவரும் குசினிப் பக்கத்தால்தான் போய் வந்தார்.

அடுத்த ஆவணியில் குடிபூரல். நான் நினைத்தபடி ஒரு பிழையும் இல்லை. நல்ல நாள், நல்ல நேரம். தீவையும் கரையையும் இணைக்கும் பெரிய பாலத்துக்கு அப்பாலிருந்து ஐயர் வந்தார். எங்களை முன்பின் தெரியாதவர். நறுவிலிக்குளத்தில் இருந்து பசுவும் கன்றும் வந்தன. அம்மா சபையில் நிற்கக் கூடாது என்று தானாகவே ஒதுங்கிப் பின்பக்கம் போய்விட்டார். நானும் கணவரும் நிறைகுடமும் விளக்குமாக முன்வாசலில் நின்றோம்.

ஐயர் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "மேசனையும் தச்சனையும் கூப்பிடுங்கோ, அவையள் இறங்கட்டும்" என்றார்.

நானா வந்து, தனக்கு உடுக்க வைத்திருந்த சாரத்தையும் சால்வையையும் வாங்கி, உளியும் சுத்தியலுமாக வாசலால் இறங்கினார். மற்றத் தட்டில் வேட்டி சால்வை இருந்தது. முறை பிழைக்கக் கூடாது என்று முதல் நாள் நானேதான் வாங்கி வைத்தேன். யாரிடம் கொடுப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

"மேசனார் எங்க? நேரம் போகுது" என்றார் ஐயர்.

நானா சால்வைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் விளக்கைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். அப்பா மணல் வாளியோடு நடந்த அந்தப் பாதை. ஒரு வருடத்துக்குப் பிறகும் அதில் ஒரு கல் இல்லை, ஒரு முள் இல்லை.

குசினி வாசலுக்கு வெளியே அம்மா வெறும் நிலத்தில் இருந்தார். மடியில் அப்பாவின் கரண்டி. நான் தட்டை நீட்டினேன். அம்மா வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வேட்டிதான்" என்றார். "மேசனுக்கு உரியதைக் குடுத்திட்டாய். வீட்டுக்காரருக்கு என்ன குடுக்கப்போறாய்?"

தட்டை நிலத்தில் வைத்தேன். அம்மாவின் காலடியில் விழுந்து அழுதேன். அம்மா என்னைத் தள்ளவும் இல்லை, தூக்கவும் இல்லை. முன்னால் ஐயர் மணியை ஆட்டினார். "போ, நல்ல நேரம் போயிடும்" என்றார் அம்மா. அவர் அதைக் குத்திச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனேன். வலக்காலை வைத்து முன்வாசலால் ஏறினேன். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லாரும் நல்லது என்றார்கள்.

அம்மா குசினி வாசலால் உள்ளே வந்து, கரண்டியைச் சாமியறை மாடத்தில் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வழியால்தான் வருகிறார். இப்போது முழங்கால் ஏலாது. கோவிலுக்குப் போய் வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும், ஓட்டோவில் இறங்கிச் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டைச் சுற்றி நடப்பார். "அம்மா, இதால வாங்கோ" என்று நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"ஆவணி பிறக்கட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருப்பார்.