துணைநூற் பட்டியலில் விடுபட்டவர்

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குக் கணினியிலும் கண்ணியம் தேவைப்பட்டது. ஆகவே லினக்ஸ் இயங்குதளம், அதில் நூல் அச்சுக்கோக்கும் லேடெக்ஸ். எழுத்தைப் பெரிதாக்குவதும் வரியை இழுத்து நிறுத்துவதும் எழுதுபவனின் வேலையன்று. கட்டளையைத் தட்டச்சு செய்தால் போதும். பக்கத்தை அடுக்குவது அந்த மென்பொருளின் பொறுப்பு.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை நடத்துவோர் சிலர் கூடி, பூட்டின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு தொழில்நுட்பக் கையேடு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஏழு இயல்களில் எழுதினேன். துருவைப் பற்றிய நான்காம் இயலைப் படித்தவர்கள் தனியாகப் பாராட்டினார்கள். பாராட்டை நான் மறுக்கவில்லை.

ஆனால் துருவைப் பற்றி ஊரில் முன்பே ஒரு நூல் உண்டு. எழுதியவர் என்னுடன் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர். ஆசிரியர் அறையில் முப்பது ஆண்டுகள் எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தவர். என் நான்காம் இயல் அவர் நூலைப் பார்த்தே எழுந்தது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல்நாள் காலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். மேசையில் கிடந்த மாதிரிப்படியில் துணைநூற் பட்டியல் உள்ள கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்.

"ஏன் சார், அம்புட்டுப் பேரும் இருக்காங்க, என்னைய மட்டும் காணோமே?"

"பட்டியல் கோப்புல உங்க நூலும் இருக்கு சார். உள்ளே மேற்கோள் காட்டாத நூலை லேடெக்ஸ் அச்சிடாது. அது மென்பொருளோட விதி. நான் என்ன செய்ய?"

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேற்கோள் காட்டாதவர் யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்படியா? செத்த நேரம் தள்ளி உக்காருங்க. நானும் ரெண்டு வருசமா இதுலதான் எழுதுறேன்."

இது எனக்குத் தெரியாத சங்கதி. அவர் என் கணினியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். மேற்கோள் காட்டினாலும் காட்டாவிட்டாலும், கோப்பிலுள்ள எல்லா நூல்களையும் பட்டியலில் கொண்டுவரும் கட்டளை அது. ஒரு நூல் கூடினால் என்ன குறைந்துவிடும் என்று நான் நிமிர்ந்தே அமர்ந்திருந்தேன்.

நூல் விவரங்களைப் பதியும்போது 'குறிப்பு' என்றொரு இடம் வரும். அது என் சொந்த உபயோகத்துக்கு என்று எண்ணி, அவர் நூலுக்கு மட்டும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதுவும் அச்சாகும் என்பது, பக்கம் திரையில் விரிந்தபோதுதான் தெரிந்தது.

அவர் வகுப்பறைக் குரலில் வாசித்தார்: "நான்காம் இயல் முழுவதும் இந்நூலின் துணைகொண்டே எழுதப்பட்டது. ஆசிரியரிடம் சொல்லற்க."

என் பக்கம் திரும்பினார். "சொல்லற்க! என்னா தமிழ் சார்! களவுலகூட ஒரு கம்பீரம்."

"அழிச்சிடுங்க."

"எதுக்கு? நாளைக்கு இப்படியே அச்சுக்குப் போகட்டும். பட்டறைக்காரங்களும் படிக்கட்டுமே."

அவர் முகத்தில் சிரிப்பில்லை. நான் கட்டிக் காத்த பெயர் முழுவதும் அப்போது அவருடைய ஆள்காட்டி விரலடியில் இருந்தது. 'தயவுசெய்து' என்ற சொல்லை அவரிடம் நான் அதுவரை பயன்படுத்தியதில்லை. அன்று இருமுறை பயன்படுத்தினேன்.

"சரி, முதல் வாக்கியம் இருக்கும். ரெண்டாவதை எடுத்துடுறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிரதி வேணும்."

என் அச்சுப்பொறியில், என் காகிதத்திலேயே எடுத்துக்கொண்டார்.

கையேடு கண்ணியமாக வெளிவந்தது. அந்தப் பக்கமோ, கண்ணாடிச் சட்டமிட்டு அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் தொங்குகிறது. ஆகவே அவர் வீட்டுப் பெருநாள் விருந்துக்கு நானே முதலில் போய், அதற்கு நேர் முன்னுள்ள நாற்காலியில் அமர்ந்துவிடுகிறேன். பிரியாணிக்கு அழைத்தாலும், எல்லோரும் எழுந்து போன பிறகே எழுகிறேன். எங்கள் நட்பின் ஆழத்தைக் கண்டு ஊர் வியக்கிறது.