பலகையின் கடைசிப் பெயர்

சென்ற சனிக்கிழமை லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. லண்டனில் படிக்கும் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு மரப்பலகை. அதில் மேலிருந்து கீழ்வரை தங்க எழுத்தில் பெயர்கள். கீழே பிரெஞ்சில் ஒரு வரி: அம்மா, இதுதானே உங்கள் பலகை?

முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் பலகை, என் அக்கா ஒரு காலத்தில் வாழ்ந்த சிறிய ஆங்கிலேயச் சந்தை நகரத்தின் மண்டபத்தில் இருக்கிறது. 2009க்கு முந்தைய கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போயிருந்தேன். மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தோம். மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தின் வாசனை. யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்த பள்ளி மண்டபமும் பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் இப்படித்தான் மணக்கும். சுவரில் அந்த ஊரிலிருந்து பாராளுமன்றம் போனவர்களின் பெயர்கள், நூற்றாண்டுக் கணக்கில். உச்சியில் வாசிக்க முடியாத பழம்பெயர்கள், இரண்டிரண்டாக. பிறகு ஒரே குடும்பப் பெயர் தகப்பன், மகன், பேரன் என்று இறங்கிவந்தது.

"கோயில் தர்மகர்த்தா மாதிரிப் பரம்பரையா வந்திருக்கினம்" என்றேன்.

"உனக்கு எங்கை போனாலும் வாசிக்க ஒரு பலகை வேணும். வா, பிள்ளைக்குப் பசிக்குது" என்றாள் அக்கா.

கடைசி வரியில் ஒரு பெயர், அவர் தெரிவான வருடம், ஒரு சிறு கோடு. அதற்குப் பின் வெறும் இடம். எங்கள் பள்ளியின் அதிபர் பலகையும் அப்படித்தான். கோட்டுக்குப் பின் வெறும் இடம் யாருக்கோ, அவர்தான் இப்போது அறைக்குள் இருப்பவர். அவர் மாற்றலாகிப் போனால் பெயின்டர் வந்து மற்ற வருடத்தை எழுதுவார். எனக்குத் தெரிந்த பலகைகள் பொய் சொன்னதில்லை.

அடுத்த மாசியில், போர் இறுகியபோது, தம்பி வன்னிக்குள் அகப்பட்டுவிட்டான். மனைவி, இரண்டு பிள்ளைகள். பங்குனியில் யாருடையதோ ஒரு போனில் அரை நிமிடம் பேசினான். "சின்னக்கா, பங்கருக்கை தண்ணி நிக்குது. பிள்ளையளுக்கு இருமல். ஆருக்காவது சொல்லுங்கோ."

அப்போது எனக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் போன் கார்டு விற்கும் கடையில் வேலை. எல்லோரும் யாருக்காவது எழுதிக்கொண்டிருந்த நாட்கள். இங்கிலாந்தில் ஓர் எம்.பி. தன் தொகுதிக்காரரின் கடிதத்துக்குத்தான் பதில் போடுவாராம். ஆகவே நான் எழுதுவது, அக்கா கையெழுத்திடுவது என்று முடிவானது. பழைய குறிப்புப் புத்தகத்தில் பலகையின் கடைசிப் பெயரை எழுதி வைத்திருந்தேன். டீச்சர் புத்தி.

கடைக்கார அண்ணை சொன்னார். "டீச்சர், பேர் சரியோ எண்டு கொம்பியூட்டரிலை ஒருக்காப் பாருங்கோவன்."

"என்ரை கண்ணாலை பாத்தனான் அண்ணை. தங்கத்திலை எழுதிக் கிடக்கு."

அக்கா முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் செய்பவள். ஓட்டுப் போட்டதே இல்லை. "ஆரடி இவர்?" என்று கேட்டாள். "உன்ரை ஊர் எம்பியை என்னட்டைக் கேக்கிறியோ?" என்று நக்கலடித்தேன். அந்த நக்கல் இன்றும் என் காதில் கேட்கிறது.

இரண்டு பக்கம் எழுதினேன். தம்பியின் பெயர், இருக்கும் இடம், பிள்ளைகளின் வயது. பிறகு தினமும் போன். "வந்ததோ?" "இப்பதான் தபால்காரன் போறான். பீட்சா விளம்பரம்தான்."

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. கூடவே மரியாதையான ஒரு துண்டுக் கடிதம். அந்தக் கனவான் காலமாகிப் பல வருடங்களாம். அந்த ஊருக்கென்று தனி எம்.பி. இப்போது இல்லையாம். எப்போதோ பக்கத்துப் பெரிய தொகுதியோடு சேர்த்துவிட்டார்களாம். சேர்த்தபோது பெயின்டரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

போனில் வாசித்து முடித்த அக்கா துண்டை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, விடு. கெதியா மற்றவருக்கு எழுது" என்றாள். திட்டியிருக்கலாம்.

அன்றே எழுதினேன். புதியவர் உண்மையில் நல்ல மனிதர், பதில் போட்டார். மிகவும் கவலைப்படுவதாகவும் அமைச்சருக்கு எழுதியிருப்பதாகவும். அக்கா அதை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தாள். கார் து நோர் ரயில் நிலையத்தில், சனம் இடித்துக்கொண்டு போக, நின்றபடியே வாசித்தேன். அது வைகாசிக் கடைசி. அங்கே எல்லாம் முடிந்திருந்தது. எந்த முகாமின் பட்டியலிலும் அந்த நான்கு பெயர்களும் இல்லை. இன்றுவரை இல்லை.

"சரியான பேருக்கு எழுதின ஆக்களுக்கு மட்டும் என்ன கிடைச்சது, டீச்சர்?" என்றார் அண்ணை. எனக்கும் தெரியும். ஒரு மாதம் முந்தியிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? ஆனால் தம்பி யாருக்காவது சொல்லுங்கோ என்று கேட்டான். நான் செத்துப்போன ஒருவருக்குச் சொன்னேன். அதன் பிறகு மகளின் பள்ளிப் படிவங்களில் பெயர்களை மூன்று தரம் சரிபார்ப்பேன். அவள் கேலி செய்வாள்.

மெத்ரோவின் இரும்புப் பாலத்துக்குக் கீழே நின்று படத்தைப் பெரிதாக்கினேன். பலகைக்குப் புதிதாக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். கடைசிப் பெயருக்குப் பின்னால் இரண்டாவது வருடம், மற்ற எழுத்துகளைவிடப் பளிச்சென்று. மகள் அழைத்தாள்.

"பார்த்தீங்களா? சே ஃபினி, மாமோ. முடிச்சிட்டினம்."

"ஓம்" என்றேன். 

போன் கார்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கண்ணாடி மாற்றுகிறார்கள். அண்ணை புறநகருக்குப் போய்விட்டார். அக்கா இல்லை, நான்கு வருடமாகிறது. அதே வீதியில் நினைவஞ்சலி அட்டை அடிக்கும் அச்சகம் ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வைகாசியிலும் தம்பியின் படத்தோடு அங்கே போவேன். 'மண்ணில்' என்ற சொல்லுக்கு எதிரே பிறந்த திகதியைச் சொல்வேன். அச்சகக்காரர் தட்டிவிட்டு, இறந்த திகதிக்காகத் தலையை நிமிர்த்துவார்.

"'விண்ணில்' எப்ப எண்டு போட, அக்கா?"

"அதை விடுங்கோ. யோசிச்சுப்போட்டு வாறன்" என்று படத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். அவரும் ஒரு வருடம்கூடச் சலிக்காமல் கேட்டார். சென்ற மார்கழியில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். இப்போது அந்தத் திகதியை என்னிடம் கேட்க யாரும் இல்லை.