முதல் பந்தியில் ஒரு பட்ஜெட்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பஞ்சாயத்துத் தலைவி வந்திருந்தார். ஏதோ நூலகத் திறப்பு விழாவாம். நான் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம்.

சின்னப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. கூடவே கணவரும் வந்திருந்தார். “இந்த வருஷம் ஊருக்கு என்னம்மா செய்யப் போற?” என்று அவளைக் கேட்டேன்.

“ரோடுதான் டீச்சர். மொதல்ல ரோடு” என்றார் கணவர்.

“தண்ணிக்கு?” — மறுபடியும் அவளைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“அதுக்கும் பிளான் இருக்கு டீச்சர்” — கணவரேதான்!

சரி, இதற்காவது அவள் வாய் திறக்கிறாளா பார்ப்போம் என்று, “காப்பி குடிக்கியா மக்களே?” என்றேன் அவளிடம்.

“அவ காப்பி குடிக்க மாட்டா” என்றார் அவர்.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! அவர்கள் போன பிறகும் வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் மெம்பராக இருந்தவள்தான். நம்புவீர்களா?

நம்முடைய நாகர்கோவில் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. தமிழ்நாட்டோடு சேர இன்னும் மூன்று வருஷம் கிடந்தது. எங்கள் சின்ன ஊருக்கு ஒரு டவுன் போர்டு. எட்டு ஆண்கள். ‘பெண்களுக்கும் ஒரு இடம் இருக்கட்டும்’ என்று மேலே யாருக்கோ தோன்றியதால் ஒன்பதாவதாக ஒரு நியமன மெம்பர் — பெண்கள் ஸ்கூல் டீச்சராகிய நான். வயது இருபத்தெட்டு. தோளில் துணிப்பை, வாய் நிறைய நியாயம்.

முதல் வருஷ பட்ஜெட் கூட்டத்துக்கு நான் தயாரான அழகைக் கேளுங்கள். அஜெண்டா மலையாளத்தில் வந்திருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். நோட்டில் பதினெட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சேர்மன் அண்ணாச்சி வாசித்தார். ஒருவர் ‘முன்மொழிகிறேன்’ என்றார். இன்னொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்றார். டீ வந்தது. நான் நோட்டைத் திறப்பதற்குள் பட்ஜெட் பாஸ்!

வெளியே வந்து, “இது என்ன கூத்து?” என்று பியூன் செல்லையாவிடம் கேட்டேன். நரைத்த மீசைக்காரர். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“டீச்சருக்குத் தெரியாதாக்கும்? முந்தாநாத்து கல்யாண வீட்டுல எல்லாம் பேசி முடிச்சாச்சில்லா! மொதல் பந்தியில.”

விஷயம் இதுதான். எங்கள் போர்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மச்சான், மாமன், சம்பந்தி... கூட்டத்தில் நாலு பேர் முன்னால் சம்பந்தியை எதிர்த்துக் கை தூக்கினால் அப்புறம் நல்லது கெட்டதுக்கு எந்த முகத்தோடு போவது? அதனால் எந்த வழக்கையும் முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள். அதற்கு இடம் கல்யாண வீட்டின் முதல் பந்தி. ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக இலை முன் உட்காருவார்கள். பருப்பும் நெய்யும் விழும்போது பேச்சு தொடங்கும். சாம்பாரில் சூடு பிடிக்கும். புளிசேரி என்கிற மோர்க்குழம்பில் தணியும். அடைப் பிரதமன் என்கிற பாயசம் வரும்போது எவர் முன்மொழிவது, எவர் வழிமொழிவது என்பதுவரை முடிவாகிவிடும். பெரிய சண்டைக்கும் வழியில்லை. வாயில் சோறு இருக்கிறதே!

இன்று நினைத்தால் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பிரியம்கூட உண்டு. சாப்பிட்டு எழும்போது ஒருவருக்கொருவர் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பை எங்கே பார்க்கிறோம்? ஒரே ஒரு குறைதான். பெண்களுக்கு மூன்றாவது பந்தி. அதற்குள் எரிசேரிக் கூட்டும் தீர்ந்திருக்கும், பட்ஜெட்டும் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது வருஷம்தான் விபரீதம் வந்தது. சேர்மன் அண்ணாச்சிக்கு மணிக்கூண்டு ஆசை பிடித்துவிட்டது. “நாகர்கோவில்ல இருக்கு. நமக்கு வேண்டாமா?” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டார். பணம்? அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். பிரசவம் பார்க்கும் போர்டு மிட்வைஃப் போஸ்ட்டை எடுத்துவிட்டால் போதும்.

“அந்தக் காலத்துல எல்லாரும் மிட்வைஃப் வச்சா பெத்தாவ?” என்று அவர் சொன்னதாகச் செல்லையா வந்து என்னிடம் சொன்னார்.

எங்கள் மிட்வைஃப் பேர் பிரகாசியம்மா. இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரைக்காரர். கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். கையில் தோல்பையோடு அவர் வேகவேகமாக நடந்து போனால், ‘இன்னைக்கு யாரு வீட்டுல?’ என்று தெருவே விசாரிக்கும். வலியில் கத்துகிறவளை, “ஏட்டி, கத்தி என்னத்துக்கு? மூச்சப் பிடி!” என்று அதட்டுவார். பிள்ளை வந்ததும் அவள் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் சித்தி மகள் தங்கத்தைப் பிரசவ வலியோடு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில். பாதி வழியில் என் கையைப் பிடித்திருந்த அவள் கை விட்டுப்போயிற்று. வண்டிக்காரரிடம் திரும்பச் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் துக்கம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பிரகாசியம்மா என்னைத் தேடி ஸ்கூலுக்கே வந்துவிட்டார். அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

“டீச்சரே, நான் பெட்டியக் கெட்டணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் பாக்கணும்.”

“கெட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? எனக்கே தெரியாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கீழத்தெருவில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். சேர்மன் அண்ணாச்சி நடு நாயகமாக உட்கார்ந்தார். ஏழு மெம்பர்களும் அங்கும் இங்குமாக உட்கார்ந்தாயிற்று. அவருக்கு நேர் எதிரே ஓர் இலை காலி. கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்து வரவேண்டிய யாரோ ஒரு விருந்தாளிக்குப் போட்டது. பஸ் வரவில்லை போல.

நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. விளம்ப வந்தவன் உப்பை என் இலையில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றான். பெண் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

“டீச்சரே... பொம்பளையளுக்கு மூணாம் பந்தியில்லா...”

நான் எழுந்திருக்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அப்போதுதான் அடுப்படியிலிருந்து சமையல்காரர் வந்தார். திருவட்டாற்றுக்காரர். தோளில் துண்டு, கையில் கரண்டி.

“எலைக்கு முன்னால இருந்தவங்கள எழுப்பப்பிடாது வேய். கல்யாண வீட்டுக்கு ஆகாது. நீ வெளம்புலே!”

அவ்வளவுதான். அதற்கு மேல் யார் பேசுவது? இலை முன் உட்கார்ந்துவிட்டால் பகையாளியைக்கூட எழுப்பாத ஊர் எங்கள் ஊர். பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. நான் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். தங்கத்தைப் பற்றி, வண்டியைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி... ஒரு வார்த்தை வரவில்லை. அவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர்களுக்கும் வரவில்லை! என்னை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவார்கள்?

“மழை இல்ல, என்னா?” என்றார் ஒருவர்.

“ஆமா, மழை இல்ல” என்றார் மற்றவர்.

சாம்பார் வந்தது. “தேங்காக்கு வெலையே இல்ல” என்றார் மூன்றாமவர். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பிரதமன் வந்தது. வழக்கமாக மூன்று கரண்டி வாங்குகிறவர்கள் ஒரு கரண்டியோடு கை கழுவ எழுந்தார்கள்.

நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு காரியமும் பேசாமல் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்த வெட்கத்தில் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். “பட்ஜெட் எப்பிடி? உப்பு சரியா இருந்துதா?” என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்டார்.

கூட்ட நாள். சேர்மன் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணிக்கூண்டு என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். ‘முன்மொழிகிறேன்’ என்று ஒரு குரல் வரவேண்டும். வரவில்லை. யார் சொல்ல வேண்டும் என்று பேசி வைக்கவில்லையே! அவர் இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். மாமன் இருக்கும்போது மருமகன் முந்திக்கொள்ளலாமா? மாமனுக்கோ சம்பந்தியின் மனசு என்னவென்று தெரியாது. அறை முழுக்க இருமல் சத்தம் மட்டும்.

கடைசியில் கீழத்தெரு மெம்பர் மெதுவாகக் கேட்டார்.

“மணிக்கூண்டு கொள்ளாம், நல்லதுதான். எங்க வைக்கது?”

“மேலத்தெரு முக்குலதான்” என்றார் சேர்மன். அவர் வீடு மேலத்தெரு.

“அப்போ உமக்க தெருக்காரனுக்குத்தான் நேரம் தெரியணுமாக்கும்?”

பிடித்தது சண்டை! சந்தை முக்கு என்றார் ஒருவர். கோயில் வாசல் என்றார் ஒருவர். எந்தத் தெரு முதலில் உண்டானது, எவர் தாத்தா வழிக்கு இடம் விட்டார்... டீ இரண்டு தடவை ஆறிப்போயிற்று. பந்தியில் சாம்பாருக்கும் புளிசேரிக்கும் நடுவில் முடிந்திருக்க வேண்டிய சண்டை, இங்கே நிறுத்த ஆளில்லாமல் நடந்தது. சேர்மன் அண்ணாச்சி சலித்துப்போய், “இந்த வருஷம் இது வேண்டாம், கிடக்கட்டும்” என்றார்.

நான் எழுந்தேன். அன்றைக்கு வராத குரல் இன்றைக்கு வந்தது. “மிட்வைஃப் போஸ்ட் தொடரவேண்டும் என்று முன்மொழிகிறேன்.”

கீழத்தெரு மெம்பர் மேஜையைத் தட்டினார். “நான் வழிமொழியுகேன்! மேலத்தெருவுல மணி அடிக்கதுக்குப் பதிலா, ஊருல பிள்ளை அழட்டும்!”

எவரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கும் பேசி வைத்திருக்க வேண்டுமே! தீர்மானம் நிறைவேறியது. நல்ல காரியங்கள் நல்ல எண்ணத்தால்தான் நடக்கும் என்று இருந்தேன். வீம்பாலும் நடக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்தேன். காம்பவுண்டுச் சுவரோரம் பிரகாசியம்மா நின்றிருந்தார், தோல்பையோடு. “போக வேண்டாம் பிரகாசியம்மா” என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மேலத்தெருவுல ஒருத்திக்கு வலி கண்டிருக்கு டீச்சர். இங்க முடிவு தெரியாம எப்பிடிப் போகன்னுதான் நின்னேன். நான் வாறேன்.”

அதே வேக நடை. அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கத்தை நினைத்து அன்று நான் அழுததுபோல் அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

பின்னால் செருமல் கேட்டது. சேர்மன் அண்ணாச்சி. கோபமில்லை. வருத்தம்தான் தெரிந்தது.

“டீச்சரே, நாம என்ன அன்னியமா? ஒரு வார்த்தை மின்னாடியே சொல்லியிருந்தா நானே செய்திருப்பேன்லா?”

“எங்க வச்சுச் சொல்ல அண்ணாச்சி? சொல்லுத எடத்துல எனக்கு எலை போடல்லியே.”

அண்ணாச்சி நல்ல மனிதர். பிரகாசியம்மா ரிட்டயர் ஆகும்வரை அந்தப் போஸ்ட்டை யாரும் தொடவும் இல்லை. அடுத்த கல்யாணத்திலிருந்து முதல் பந்தியில் எனக்கென்று ஓர் இலையே போட்டார்கள், பிரதமன்கூட இரண்டு கரண்டி.

அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டை மட்டும் ஆண்கள் முடிவெட்டும் கடையில் வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள்!