ரயில் கணக்கில் வராத தாய்மாமன்

பம்பாயில் தூரம் கேட்டால் நேரத்தைத்தான் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. வாஷி எவ்வளவு தூரம் என்றால் 'முக்கால் மணி' என்பார்கள். கிலோமீட்டர் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் தாராவிக்காரர்களான எங்களுக்குத் திருநெல்வேலி என்றைக்கும் இரண்டு ராத்திரி. தலைக்கு மேலே விமானம் உறுமிக்கொண்டு போகும்போது பேச்சை நிறுத்துவோம், போனதும் தொடர்வோம். அதில் நாமும் ஏறலாம் என்று தோன்றியதே இல்லை.

அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த ரயில் டிக்கெட் கடைசிவரை கன்ஃபர்ம் ஆகவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன்தான் மாலை போட்டு, கைபிடித்துப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அவள் பெரியவளான சடங்குக்கும் ரயில் கிடைக்காமல் நான் போகவில்லை. என் இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். இந்த முறையும் விட்டால் நான் என்ன மாமன்? மதுரைக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலையில கெளம்புதேன்க்கா."

"சரிடே."

குரலில் சுரத்தே இல்லை. பிளேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், அவசர ஆர்டர் தோல்பைகளுக்குப் பசை தடவிக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு டாக்சி ஏறினேன். ஏர்போர்ட் என்றதும் டிரைவர், "கிஸ்கோ சோட்னா ஹை?" என்றார். யாரை வழியனுப்பப் போகிறேன் என்று கேட்கிறார்!

"முஜே!" என்றேன், என்னைத்தான் என்று. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வானத்தில் இரண்டு மணி நேரம். அம்பர்நாத் மைத்துனன் வீட்டுக்கு லோக்கல் ரயிலில் போய்வரவே அதைவிட நேரமாகும். பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் மதுரை வந்துவிட்டது. அங்கிருந்து பஸ் பிடித்து, பொழுது சாயும் முன் கல்யாண வீட்டில் இருந்தேன்.

பந்தலில் சித்தப்பா மகன் தாய்மாமனுக்குக் கொடுக்கும் வேட்டியை வாங்கிக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்து விக்கித்துப் போனாள்.

"எலேய், இன்னைக்குக் காலையிலதான கெளம்புதேன்னு சொன்ன?"

"ஆமாக்கா. இன்னைக்குக் காலையிலதான் கெளம்புனேன்."

ரயில் கணக்குப் போட்டு, தாலி கட்டி முடிந்த பிறகுதான் வருவேன் என்று முடிவுகட்டியிருக்கிறாள். பாவம், எத்தனை வருஷத்துக் கணக்கு அது! சித்தப்பா மகன் வேட்டியை என் கையில் கொடுத்து, "பிளேன்லயா வந்திய?" என்றான். "ஆமா" என்றேன், பந்தலில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி. தாராவியில் பை தைத்த காசில் பறந்து வந்திருக்கிறேன். பெருமையை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் கல்யாணத்தில் மாலை போடும்போது மருமகள் மூக்கைச் சுளித்தாள். "மாமா, கையில என்ன வாசம்?"

பட்டறைப் பசை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. ரயில் என்றால் இரண்டு ராத்திரியில் பம்பாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஊர் வரும்போது நான் ஊர்க்காரனாகியிருப்பேன். இந்த முறை அதற்கு நேரமில்லை. என் கை இன்னும் தாராவியில்தான் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மணவறை ஏறினாள்.